மேட்டுக்காணி வேலியும் மலைக்குப் போகிற பாதையும்

எங்கள் மேட்டுக்காணிக்குள்ளால் ஒரு நடைபாதை போகிறது. ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில், குளத்துக்கு மேலே இருக்கிற இரண்டு ஏக்கர் அது. மேற்கு மூலையில் நுழைந்து, கிணற்றைச் சுற்றி, கிழக்கு எல்லையைத் தாண்டினால் காடு. காட்டுக்குள் கொஞ்சத் தூரம் நடந்தால் மலை. மலையகத்து ஆட்கள் அதை மலை என்று ஒத்துக்கொள்ளமாட்டார்கள். வன்னி தட்டையான நிலம். பாலையும் வீரையும் நிற்கிற காட்டுக்கு நடுவே ஒரு கரும்பாறை எழும்பி நின்றால் அதுதான் எங்களுக்கு மலை. உச்சியில் வைரவர் சூலம், கீழே மாரித் தண்ணீர் தேங்குகிற பாறைக்குழி.

அந்தப் பாதையால் போகாத ஆட்கள் ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைக்கப் போகிறவர்கள், பாலைப்பழக் காலத்தில் வாளியோடு போகிற பிள்ளைகள், தேன் எடுக்கிறவர்கள், பட்டிக்காரர். இப்போது சில வருடங்களாக வவுனியாவில் இருந்தும் கிளிநொச்சியில் இருந்தும் இளம் ஆட்கள் மலை ஏற வருகிறார்கள். பை, தண்ணீர்ப் போத்தல், கமரா எல்லாம் கொண்டு வருகிறார்கள். வரட்டும். நடந்து பார்த்தால்தான் காட்டின் அருமை தெரியும்.

ஆனால் எனக்கு வேலி வேண்டும். மேட்டில் கச்சான் (நிலக்கடலை) போடுகிற யாருக்கும் இது விளங்கும். ஐப்பசி மழைக்கு விதைத்து, பூத்து, மண்ணுக்குள் காய் முற்றுகிற நேரம் பார்த்துப் பன்றி வரும். ஒரு இரவில் ஒரு பாத்தியைக் கிண்டி எறிந்துவிட்டுப் போகும். பகலில் கட்டாக்காலி மாடுகள். வேலி இல்லாத மேட்டுக்காணியில் பயிர் செய்வது ஊர் மிருகங்களுக்குச் சாப்பாடு போடுகிற வேலை.

அதனால் வேலியும் வேண்டும், பாதையும் வேண்டும். இரண்டையும் எப்படிச் செய்தோம் என்பதை எழுதுகிறேன். காணிக்கு வேலி அடைக்கப் போகிற யாருக்காவது உதவும்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். வன்னியில் நடந்து பழகிய தடத்துக்கு வேறு ஊர்களில் இல்லாத ஒரு பெறுமதி இருக்கிறது. 2009க்குப் பிறகு முகாம்களில் இருந்து திரும்பி வந்தபோது எங்கள் பக்கக் காணிகள் பல, மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளுக்குப் பின்னால் இருந்தன. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ் என்று கண்ணிவெடி அகற்றுகிற நிறுவனங்கள் ஒவ்வொரு துண்டாகத் துப்புரவு செய்து கையளித்தன. அந்த நாட்களில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே "நடந்த தடத்தால மட்டும் நட, குறுக்கால போகாத" என்பதுதான். இன்றைக்கும் எங்கள் ஊர் வயது போன ஆட்கள் காட்டு விளிம்பில் பாதையை விட்டு ஒரு அடி விலக யோசிப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பழைய பாதையை மறித்து "சுற்றிப் போங்கோ" என்று சொன்னால், தெரியாத நிலத்தில் கால் வைக்கச் சொல்கிறோம் என்றுதான் அர்த்தம்.

வேலிக் குழி தோண்டுகிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. கையளித்த காணிதானே என்று கண்ணை மூடிக்கொண்டு அலவாங்கு போடாதீர்கள். காட்டோரத்தில் இரும்பு தட்டினாலோ, துருப்பிடித்த எதையாவது கண்டாலோ தொடவேண்டாம், புரட்டிப் பார்க்கவேண்டாம். தூரத்தில் ஒரு தடி ஊன்றி அடையாளம் வைத்துவிட்டு, வந்த தடத்தாலேயே திரும்பிப் போய் கிராம அலுவலருக்கோ 119க்கோ சொல்லுங்கள். வேலை ஒரு கிழமை தள்ளிப்போனால் போகட்டும்.

எங்கள் வேலிக்குச் சீமெந்துத் தூணும் முள்ளுக்கம்பியும் ஒரு வாழ்வாதார உதவியில் கிடைத்தன. வந்த உத்தியோகத்தர் காணிப் படத்தை விரித்து நான்கு மூலைக்கும் நேர்கோடு கீறினார். பாதை அந்தக் கோட்டில் இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டது. படத்தில் பாதை இல்லை, ஆகவே விடத் தேவையில்லை என்பது அவருடைய கணக்கு. நான் வழி விட்டுத்தான் அடைப்பேன் என்று நின்றேன். இரண்டு கடப்பு (வேலியில் ஆட்கள் போய்வர விடுகிற வழி) வைத்தாலும் கம்பி கூடுதலாகத் தேவைப்படாது என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் சரி என்றார்.

அந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்கிறார்கள். இரண்டு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறத்தாழ 1180 அடி. எட்டு அடிக்கு ஒரு தூண் என்றால் 148 தூண் வரும், மூலைகளுக்கும் முட்டுக்கும் மேலதிகமாக எடுக்கவேண்டும். ஐந்து வரி கம்பி என்றால் 5900 அடி. காணி நீளமாகவும் ஒடுங்கலாகவும் இருந்தால் அதே இரண்டு ஏக்கருக்குச் சுற்றளவு கூடும், ஆகவே வாங்கப் போகமுதல் கயிறு பிடித்து அளவுங்கள். கம்பியைக் கிலோக் கணக்கில் விற்பார்கள். ஒரு உருளையில் எத்தனை மீற்றர் என்று கேட்டு வாங்கவேண்டும், ஏனென்றால் தடிப்பான கம்பியில் அதே நிறைக்கு நீளம் குறையும்.

கடப்பை எங்கே வைப்பது என்பதை எனக்குக் காட்டித் தந்தவர் எங்கள் ஊர்ப் பட்டிக்கார அப்பு. அவர் சொன்னது: "பிள்ளை, முதல் வழியை விடு. பிறகு மிச்சத்துக்குக் கம்பி இழு. நீ விடாட்டி சனம் தாங்களா ஒரு பொட்டு எடுக்கும். அது உனக்குத் தோதான இடத்தில வராது." பொட்டு என்றால் வேலியைப் பிரித்து எடுக்கிற ஓட்டை.

அவரோடு அந்தப் பாதையை ஒரு பின்னேரம் மெதுவாக நடந்தேன். மாட்டுக் காலடியும் மனிசக் காலடியும் ஒரே இடத்தால் போவதில்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்துப் பார்த்தேன். மாடு பள்ளத்தால் இறங்கும், தண்ணீர் வாசம் அதை இழுக்கும். ஆட்கள் கொஞ்சம் மேட்டால் போவார்கள். கோடையில் இரண்டும் கிட்டக் கிட்டத்தான் தெரியும். மாரியில் பள்ளம் சேறாகிவிட, ஆட்களின் தடம் இன்னும் மேலே ஏறிவிடும். கோடையில் மட்டும் பார்த்துக் கடப்பு வைத்தால் மார்கழியில் அது முழங்கால் சேற்றில் நிற்கும். சனம் பத்து அடி தள்ளிக் கம்பியைத் தூக்கிக் குனிந்து போகத் தொடங்கும். அப்படித் தூக்கின கம்பிக்குக் கீழால் அன்றிரவே பன்றி வரும். அப்பு மண்ணின் நிறத்தைப் பார்த்தே மாரித் தடம் எது என்று சொன்னார். கரம்பைப்புல் படுத்துக் கிடந்த ஒரு கோட்டைத் தடியால் காட்டி, "உதில வை" என்றார். அதில்தான் வைத்தோம்.

இனிக் கடப்பு. எங்கள் பக்கத்தில் பழைய முறை, கவர்க் கட்டை நடுவது. இரண்டாகப் பிரிகிற மொத்தமான கவர் ஒன்றை எடுத்து, கவரின் அடி முழங்கால் உயரத்துக்கு வருகிற மாதிரி நடுவார்கள். ஆள் காலைத் தூக்கி வைத்துக் கவருக்குள்ளால் தாண்டிவிடலாம். மாட்டின் உடம்பு அதற்குள் நுழையாது. கவருக்கு இரண்டு பக்கமும் குற்றிகளை நெருக்கி நட்டுவிட்டால் பன்றிக்கும் வழி இல்லை. ஆடு தாண்டும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

கட்டை எடுக்கக் காட்டுக்குள் போய்ப் பாலையோ முதிரையோ வெட்டாதீர்கள், அது குற்றம், மரமும் பாவம். எங்கள் வளவில் புயலுக்கு முறிந்த வேம்பில் நல்ல கவர் கிடைத்தது. மண்ணுக்குள் போகிற பாகத்தை நெருப்பில் கருக்கி, கறையானுக்குக் கழிவு ஒயில் பூசி, இரண்டரை அடி ஆழத்தில் நட்டுக் கல் போட்டு இறுக்கினோம். கவரின் உள்பக்கத்தைக் கண்ணாடித் துண்டால் வழித்து மழமழப்பாக்கியது என் மகன். சேலையும் சாரமும் சிக்காமல் இருக்க அது தேவை. வயது போன ஒருவர் தாண்டும்போது பிடிக்கிறதுக்குப் பக்கத்தில் ஒரு தடி, நெஞ்சு உயரத்துக்கு. இந்தத் தடியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் கை தானாகக் கம்பிக்குப் போகும்.

இன்னொன்று, இது கம்பி இழுக்கிறவர்களுக்கு. கடப்பில் கம்பி முடிகிறது, ஆகவே கடப்பின் இரண்டு பக்கத் தூணையும் மூலைத் தூண் மாதிரி நினைத்து, கம்பி இழுபடுகிற பக்கமாக முட்டுக் கொடுக்கவேண்டும். முட்டு இல்லாவிட்டால் இழுவைக்குத் தூண் சரிந்து, அந்தப் பக்கத்து ஐந்து வரியும் தொய்ந்துவிடும். பிறகு வழி விட்டதால்தான் வேலி கெட்டது என்று கதை வரும். கடப்புக்கு இரண்டு பக்கமும் மூன்று அடி தூரத்துக்கு முள் இல்லாத வெறுங்கம்பி போட்டோம். முடியாதவர்கள் பழைய ஓஸ் குழாயை நீளத்துக்குக் கீறிக் கம்பிக்கு மேல் போர்த்துவிடலாம்.

மேற்குப் பக்கத்தில், ஊரில் இருந்து சைக்கிள் வருகிற இடத்தில், படலை வைத்தோம். தானாகச் சாத்துகிற படலை. அதற்குப் பெரிய வித்தை இல்லை: படலை தொங்குகிற தூணைக் கொஞ்சம் எதிர்த் தூண் பக்கமாகச் சாய்த்து நட்டால், விட்டவுடன் தன் பாரத்தில் வந்து மூடும். போதாவிட்டால் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடலாம். பூட்டுப் போடவில்லை, போடவும் மாட்டேன்.

கம்பி வேலை முடிந்த அன்று எல்லோரும் வீட்டுக்குப் போக அவசரப்படுவார்கள். அப்போதுதான் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. வெட்டி விழுந்த கம்பித் துண்டுகளைப் பொறுக்க வேண்டும். மலைக்கு நேர்த்தி வைத்துப் போகிறவர்கள் செருப்புப் போடமாட்டார்கள். கடப்படியில் புல்லுக்குள் கிடக்கிற ஒரு அங்குல முள் போதும், ஆளை ஏற்பு ஊசிக்கு அனுப்ப. நானும் மகளும் குந்தியிருந்து, கையால் தடவித் தடவி ஒரு பால்மா ரின் நிறையப் பொறுக்கினோம். அடுத்த நாள் காலை வெயில் சரிவாக விழும்போது திரும்பப் போய்ப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் மினுங்கியது. காலை வெயிலில் பார்ப்பதுதான் நல்லது. அதேபோல் புதுக்கம்பி இழுத்த முதல் மாதம் வெள்ளைச் சீலைத் துண்டுகளைக் கட்டிவிடுங்கள். நேற்றுவரை திறந்து கிடந்த இடத்தில் இருட்டில் சைக்கிளில் வருகிறவருக்குக் கம்பி தெரியாது. அது கழுத்து உயரத்தில் இருக்கிறது.

பாதை ஓரத்தில் கட்டு இல்லாத பழைய கிணறு இருந்தால், பாதையை மறிக்கிறதை விட்டுவிட்டுக் கிணற்றை முதலில் அடையுங்கள். எங்கள் காணியில் அப்படி ஒன்று இருந்தது. இடம்பெயர்ந்த காலத்தில் பற்றை மூடி, வாயே தெரியாமல் கிடந்தது. அலம்பல் போட்டு அடைத்து, பிறகு சுற்றிவரக் கிளிசரிடியா கதியால் (உயிர்வேலிக்கு நடுகிற பச்சைக் கொம்பு) நட்டோம். ஐப்பசி மழை தொடங்கக் கதியால் நட்டால் தண்ணீர் ஊற்றாமலே தளிர்க்கும். இரண்டு வருடத்தில் ஆட்டுக்குக் குழையும் தரும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் "வழி விட்டால் காணி போய்விடும்" என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. தனியார் காணிக்குள்ளால் பத்து வருடம் தடையில்லாமல், தங்கள் உரிமை என்ற எண்ணத்தோடு நடந்தால் வழியுரிமை கோரலாம். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் இருந்து வருகிற விஷயம் அது. ஆனால் காணிக்காரர் அனுமதி கொடுத்து நடப்பது வேறு. ஆகவே வழி விடுகிறவர்கள் அதை எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எவ்வளவு அகலம், நடக்கவும் சைக்கிளுக்குமா, உழவு இயந்திரம் வரலாமா வரக்கூடாதா என்று எழுதி, கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் கிராம அலுவலரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். நாங்கள் நான்கு அடி என்று எழுதினோம். பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த காணி, என்றால் பிரதேச செயலகத்துக் காணி உத்தியோகத்தரிடம் படத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பிரதேச சபை வீதிப் பட்டியலில் அந்தப் பாதை இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் அதை மறிக்க உங்களுக்கு உரிமையே இல்லை. குளத்து ஒதுக்கீட்டுக்குள் வேலி போடவும் கூடாது.

பிரச்சினை வந்தால் நேரே நீதிமன்றத்துக்கு ஓடாதீர்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த மத்தியஸ்த சபை இருக்கிறது, சட்டத்தரணி தேவையில்லை. வயலுக்குப் போகிற பாதை என்றால் கமநல சேவை நிலையத்தில் முறையிடலாம். அடிதடி வரும் என்ற நிலைமை வந்தால் பொலிஸார் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்குப் போடுவார்கள். அதில் கிடைப்பது அப்போதைக்கான கட்டளைதான், காணி யாருக்கு என்ற தீர்ப்பு இல்லை. அதற்குப் பிறகும் வருடக்கணக்காக அலையவேண்டி வரும்.

அலைந்தவர்களை எனக்குத் தெரியும். எங்கள் வரிசையில் காணி வாங்கிய ஒருவர் குளத்துக்குப் போகிற தடத்தை முழுதாக அடைத்தார். இரவில் கம்பி வெட்டுப்பட்டது. திரும்பக் கட்டினார், திரும்ப வெட்டுப்பட்டது. யார் வெட்டியது என்று ஊரில் யாருக்கும் "தெரியாது". கடைசியில் மத்தியஸ்த சபையில் இருந்து பேசி, ஓரத்தால் ஒரு ஒழுங்கை விடச் சம்மதித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பயிர் போய்விடும் என்ற பயம் அவருக்கு. ஒழுங்கை விட்ட பிறகு கம்பி வெட்டுப்படவில்லை. இப்போது மாடு வேலியை உரசினால் நடந்து போகிற ஆட்களே அவருக்குப் போன் எடுத்துச் சொல்கிறார்கள்.

ஸ்கொட்லாந்தில் இருக்கிற என் சித்தப்பாவின் மகன் அங்கத்தைய மலைகளில் நடக்கிறவன். அங்கே 2003இல் வந்த சட்டத்தின்படி, பொறுப்பாக நடந்துகொள்கிற யாரும் பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம். வீட்டு வளவும் பயிர் நிற்கிற நிலமும் அதற்குள் வராது. ஆட்டுப்பண்ணைக்காரர் கல்வேலிக்கு மேலால் மரப்படி வைத்து விடுவார்களாம். எங்களுக்கு அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் நடக்கிறவர்களுக்கு அங்கே சொல்லிக்கொடுக்கிற ஒரு விஷயம் இங்கேயும் அப்படியே பொருந்தும்: படலை திறந்திருந்தால் திறந்தபடி, சாத்தியிருந்தால் சாத்தியபடி விட்டுப் போகவேண்டும். எங்கள் பக்கம் அறுவடை முடிந்த பிறகு படலையைக் கட்டித் திறந்துதான் வைப்போம், மாடு தாள் மேய்ந்து குளத்துக்குத் தண்ணீருக்குப் போக. மலைக்கு வந்த பிள்ளைகள் நல்லெண்ணத்தில் அவிழ்த்துச் சாத்திவிட்டுப் போக, ஒருமுறை பட்டி முழுவதும் ஒரு பகல் தண்ணீர் இல்லாமல் நின்றது. இப்போது படலையில் ஒரு பலகை தொங்குகிறது: "திறந்திருந்தால் சாத்தவேண்டாம்."

மலைக்கு வருகிற தம்பி தங்கச்சிமாருக்கு இன்னும் சில. கம்பிக்கு மேலே ஏறாதீர்கள், கடப்பு இருக்கிறது, ஐம்பது அடி நடந்தால் போதும். நாயைக் கொண்டுவராதீர்கள். பாறைக்குழித் தண்ணீரில் கை கால் கழுவாதீர்கள், கோடையில் மானும் மரையும் குடிக்கிற தண்ணீர் அது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு காட்டுக்குள் நிற்காதீர்கள், யானை இறங்குகிற நேரம். பாதையை விட்டு விலகாதீர்கள், காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

கமக்காரர்களிடம் கெஞ்சிக் கேட்கிற ஒன்றும் இருக்கிறது. வீட்டு மின்சாரத்தை எடுத்து வேலிக் கம்பியில் விடாதீர்கள். முறையான யானை மின்வேலியில் மின்சாரம் ஏறத்தாழ ஒரு செக்கனுக்கு ஒரு துடிப்பாக, கண் இமைக்கிற நேரத்துக்கும் குறைவாக வந்து போகும். அடி விழும், ஆள் விலக முடியும். 230 வோல்ட் வீட்டு மின்சாரம் விடாமல் ஓடும், பிடித்த கையை விரிக்க விடாது. பன்றிக்கு என்று போட்டதில் பக்கத்துக் காணிக்காரரும் சொந்தப் பிள்ளையும் செத்திருக்கிறார்கள். வேலியோரம் சுருக்கு வைப்பதும் கூடாது.

எங்கள் பக்கத்தில் மலைக்குப் போகிற வழி என்பது கம்பியோடு முடிகிற விஷயமும் இல்லை. நெடுங்கேணிப் பக்கத்தில் சிவன் கோயில் இருக்கிற வெடுக்குநாறி மலையில் 2024 சிவராத்திரி அன்று வழிபடப் போனவர்களில் எட்டுப் பேர் கைதாகி, பிறகு நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும். மலைக்குப் போகிற உரிமைக்காகச் சனம் இவ்வளவு பாடுபடுகிற இடத்தில், என் இரண்டு ஏக்கருக்குள்ளேயே ஒரு மறியலை நானும் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறது. காட்டோரமாக யானை மின்வேலி போடுகிற பேச்சு நடக்கிறது, அது எங்கள் கிழக்குக் கடப்புக்கு அப்பால் பாதையைக் குறுக்கறுக்கும். வேலி வரவேண்டும் என்பதில் ஊரில் இரண்டாம் கருத்து இல்லை. பாதை வருகிற இடத்தில் மின்சாரம் கடத்தாத கைபிடி போட்ட கொக்கிக் கம்பியால் ஒரு வாசல் விடும்படி சங்கத்தால் கடிதம் கொடுத்திருக்கிறோம். பகலில் கழற்றி மாட்டுகிறது சுகம். கடைசியாகத் திரும்பி வருகிறவர் கொக்கியை மாட்டினாரா என்று பின்னேரம் ஆறு மணிக்கு யார் போய்ப் பார்ப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. கிழக்கு வரிசையில் காணி இருக்கிற வீடுகள் கிழமைக்கு ஒருவராக முறை வைக்கலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.